260 யூரோ சாப்பாடு, பில்லில் ஒரே எண்: பாரிஸ் உணவகங்களில் காசு யாருக்குப் போகிறது?

பாரிஸில் உள்ள லார்பேஜ் உணவகம் 1996 முதல் மிஷலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைத் தக்கவைத்திருக்கிறது. அதை நடத்தும் அலென் பாஸார் 2001-ல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்தார். 2025 ஜூலையில் மீன், முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். தேன் மட்டும் தப்பியது.

இறைச்சி போச்சு, மீன் போச்சு, விலையும் இறங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். அந்த மாற்றம் வந்த சமயத்தில் அங்கே ஒருவருக்கான மதிய விருந்து 260 யூரோ. நம் கணக்கில் தோராயமாக 26,000 ரூபாய்.

காய்கறிக்கு இவ்வளவா? இந்தக் காசு யாருக்குப் போகிறது? அரசுக்கா, முதலாளிக்கா, பரிமாறுபவருக்கா? பிரான்ஸ் இந்தக் கேள்வியை வைத்து நாடு முழுக்க ஒரு பெரிய சோதனையே நடத்திப் பார்த்திருக்கிறது. டெல்லியிலோ மும்பையிலோ சாப்பிட்டுவிட்டு பில்லை உற்றுப் பார்க்கும் உங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

மெனுவில் இருப்பதுதான் பில்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பிரான்ஸில் 1987-ல் வந்த அரசாணைப்படி, உணவகங்கள் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த முழு விலையைத்தான் மெனுவில் போட வேண்டும். அந்த மெனுவை வாசலிலும் வைக்க வேண்டும். தெருமுனை பிஸ்ட்ரோவானாலும் மூன்று நட்சத்திர உணவகமானாலும் இதே விதிதான். மெனுவில் 260 என்றால் பில்லிலும் 260. டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம்.

இந்த 260-ல் வரி எவ்வளவு? உணவுக்கு மதிப்புக் கூட்டு வரி 10 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 23.60 யூரோ அரசுக்குப் போகும், 236.40 யூரோ உணவகத்துக்கு. ஒயின் எடுத்தால் அதற்குத் தனியாக 20 சதவீத வரி. அதுவும் மெனு விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

மீதி எங்கே போகுது?

பெரும்பகுதி மனித உழைப்புக்கு. பிரெஞ்சு உயர்தரச் சமையலறை 'பிரிகேட்' முறையில் இயங்குகிறது. ஒகுஸ்ட் எஸ்கோஃபியே ஒழுங்குபடுத்திய முறை அது. சாஸுக்கு ஒருவர், காய்கறிக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று ஆட்கள் பிரிந்து நிற்பார்கள். வெளியே பரிமாற ஒரு குழு, ஒயினுக்குத் தனி ஆள். சில இடங்களில் சாப்பிட வருபவர்களின் எண்ணிக்கையை நெருங்கும் அளவுக்குப் பணியாளர்கள் இருப்பார்கள். சம்பளத்தோடு முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் சேரும். பாரிஸின் வாடகை வேறு. ஒரு மேஜையில் ஒரு வேளைக்கு ஒரு குழுதான் உட்காரும் என்பதால், இத்தனை செலவையும் சில டஜன் பேர்தான் தாங்க வேண்டும்.

அதனால்தான் நட்சத்திரம் இருந்தாலும் லாபம் நிச்சயமில்லை. பியர் கான்யேர் மூன்று நட்சத்திரங்களோடு இருந்தபோதே, 1996-ல், சேன்த் எத்தியென் நகரில் இருந்த அவருடைய உணவகம் திவாலானது. பிறகு பாரிஸுக்கு வந்து 1998-ல் மீண்டும் மூன்று நட்சத்திரம் வாங்கினார். 28 வருஷம் மூன்று நட்சத்திரங்களை வைத்திருந்த அலென் சான்தெரான்ஸ், 2005-ல் அவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே பாரிஸ் கட்டடத்தில் ஆடம்பரத்தைக் குறைத்து, விலையையும் பெருமளவு குறைத்தார்.

2009: வரி இறங்கியது. விலை?

இப்போது அந்தச் சோதனைக்கு வருவோம். 2009 வரை பிரான்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டால் 19.6 சதவீத வரி, பார்சல் வாங்கினால் 5.5 சதவீதம். பர்கருக்குக் குறைந்த வரி, எங்களுக்கு அதிக வரியா என்று உணவகக்காரர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2009 ஜூலை 1 முதல் அவர்களுக்கும் 5.5 சதவீதமானது. அரசுக்கு ஆண்டுக்கு 250 முதல் 300 கோடி யூரோ வரை வருமான இழப்பு.

பதிலுக்கு உணவகத் துறை ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. சில முக்கியப் பண்டங்களின் விலையில் 11.8 சதவீதம் குறைப்போம், இரண்டு ஆண்டுகளில் 40,000 வேலைகள் உருவாக்குவோம், சம்பளத்தையும் பணிச்சூழலையும் மேம்படுத்துவோம் என்றது.

அந்த 11.8 எங்கிருந்து வந்தது? பழைய வரியில் 100 யூரோ பில் என்றால் உணவகத்தின் பங்கு 83.60. அதன்மேல் புதிய வரி போட்டால் 88.20. ஆக, வரிக்குறைப்பு முழுசாக வாடிக்கையாளருக்கு வந்திருந்தால் 100 யூரோ பில் 88 யூரோவாகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் யூசெஃப் பென்சார்ட்டி, டோரியன் கார்லோனி இருவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, வரிக்குறைப்பின் பலனில் 55 சதவீதத்துக்கும் மேல் உரிமையாளர்களுக்குப் போனது என்று கண்டது. மீதியைப் பணியாளர்கள், பொருள் சப்ளை செய்பவர்கள், வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொண்டார்கள். இவர்களில் மிகக் குறைவாகப் பெற்றது வாடிக்கையாளர்கள்தான். வேலைவாய்ப்பிலும் பெரிய மாற்றம் இல்லை. இது உட்கார்ந்து சாப்பிடும் எல்லா உணவகங்களையும் பற்றிய கணக்கு. நட்சத்திர உணவகங்களை மட்டும் பற்றியது அல்ல.

பின்னர் அரசே பின்வாங்கியது. 2012-ல் 7 சதவீதம், 2014-ல் 10 சதவீதம் என்று வரி ஏறியது. பென்சார்ட்டி வேறு சிலருடன் சேர்ந்து ஐரோப்பிய நாடுகளில் செய்த இன்னொரு ஆய்வு, வரி ஏறும்போது விலை ஏறும் அளவுக்கு, வரி குறையும்போது விலை இறங்குவதில்லை என்கிறது.

பரிமாறுபவருக்கு என்ன கிடைத்தது?

சேவைக் கட்டணம் விலைக்குள் இருக்கிறது என்றால் பணியாளர் செழிப்பாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. 2020 பிப்ரவரிக்கும் 2021 பிப்ரவரிக்கும் இடையே, கொரோனா காலத்தில், பிரான்ஸின் ஹோட்டல், உணவகத் துறையைவிட்டு சுமார் 2,37,000 பேர் வெளியேறினார்கள். ஆள் கிடைக்காமல் திண்டாடிய பிறகுதான், 2022-ல் இந்தத் துறையின் சம்பள அட்டவணை சராசரியாகச் சுமார் 16 சதவீதம் உயர்ந்தது. அதே ஆண்டு டிப்ஸுக்கும், குறிப்பிட்ட சம்பள வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு, வரிவிலக்கு வந்தது.

கவனியுங்கள்: 2009-ல் வரி குறைந்தபோது பணியாளருக்குக் கிடைத்தது ஒரு சிறு பங்கு. ஆள் இல்லாமல் போனபோதுதான் சம்பள அட்டவணையே மாறியது.

நம்ம ஊர் பில்

இந்தியாவிலும் இதே மாதிரி ஒரு கதை நடந்தது. 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால், பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு சலுகை எடுக்கப்பட்டது. அந்தச் சலுகையின் பலனை உணவகங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம், உள்ளீட்டு வரி வரவோடு.

வித்தியாசம் மெனுவில்தான். டெல்லியிலோ மும்பையிலோ ஒரு பிரெஞ்சு உணவகத்தில் மெனு விலைப்படி 5,000 ரூபாய்க்குச் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத சேவைக் கட்டணம் போட்டால் 5,500. அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி: 5,775. அதே உணவகம் மேலே சொன்ன ஹோட்டலுக்குள் இருந்தால் 6,490. சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி கட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தச் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குத் தொடுத்த சங்கங்களுக்கு தலா 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.

அப்போ என்ன செய்யலாம்?

ஆர்டர் கொடுக்கும் முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். மெனு விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? ஜிஎஸ்டி 5 சதவீதமா, 18-ஆ? சேவைக் கட்டணம் போடுவீர்களா? போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுக்கலாம்.

இன்னொன்று. அடுத்த முறை உணவகங்களுக்கு வரி குறைகிறது என்று தலைப்புச் செய்தி வந்தால், உங்கள் பில் குறையும் என்று உடனே நம்பிவிட வேண்டாம். பிரான்ஸில் எழுத்துப்பூர்வமாக வாக்குக் கொடுத்தும் அது முழுசாக நடக்கவில்லை. ஒரே எண் போட்ட மெனு அங்கே விலையைக் குறைக்கவில்லைதான். ஆனால் எவ்வளவு கட்டப்போகிறோம் என்பது உட்காரும் முன்பே, வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். அந்த அளவுக்காவது ஒரு விதி இங்கேயும் வேண்டாமா?