மூலத்தைத் தொலைத்துவிட்டு உரையைக் கொண்டாடுவோர்

விண்வெளிப் பயணப் படச்சுருள்களை டிவிடி வட்டுகளாகச் சேர்த்துவைப்போரைக் கண்டு நகைப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது அலமாரியை ஏன் அடைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களில் பலர் புத்தகப் பிரியர்கள் என்பதுதான் எங்களுக்கு வியப்பு. ஒரு நூலின் முதற்பதிப்புக்காகப் பழைய புத்தகக் கடைகளில் தூசு தின்பவர்கள், ஒற்றைச் சீரின் பாடபேதத்துக்காக இரவெல்லாம் வாதிடுபவர்கள், படச்சுருள் என்றதும் எந்தப் பிரதியும் ஒன்றுதான் என்று கைகழுவிவிடுகிறார்கள். ஒன்றல்ல என்பதே எங்கள் வாதம்.

1969ஆம் ஆண்டு ஜூலையில் நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சிப் படம் விநாடிக்கு 10 சட்டகங்களும் 320 வரிகளும் கொண்டது. வீட்டுப் பெட்டிகள் அதைக் காட்டவல்லவை அல்ல. ஆகவே கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வந்திறங்கிய படத்தை ஒரு திரையில் ஓடவிட்டு, அத்திரையை இன்னொரு கேமராவால் பிடித்து ஒளிபரப்பினார்கள். உலகம் கண்ணீர் மல்கப் பார்த்தது ஒரு நகலைத்தான். வந்த சமிக்ஞை வந்தபடியே காந்த நாடாக்களில் தனியே பதிவாகியிருந்தது. பிற்காலத்தில் தேடியபோது அந்த நாடாக்கள் இல்லை. அவை நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அழிக்கப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009ஆம் ஆண்டு அறிவித்தது. தீயும் வெள்ளமும் கரையானும் செய்யாததைச் சிக்கனம் செய்து முடித்தது.

அப்படியானால் எஞ்சியதைக் காத்தவர் யார்? ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தின் தொழில்நுட்பர் எட் வான் ரெனூவார்ட், நிலையத்துத் திரையைத் தம் சொந்த சூப்பர் 8 கேமராவால் படம்பிடித்து வைத்திருந்தார். ஆய்வாளர்கள் இன்று நாடும் சான்றுகளுள் அந்தச் சுருளும் ஒன்று. 1976ஆம் ஆண்டு அரசு ஏலத்தில் ஒரு மாணவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய நாடாக்களை 217.77 டாலருக்கு வாங்கினார். தொலைக்காட்சி நிலையங்களுக்கு மறுபதிவுக்கு விற்கலாம் என்பதே அவர் எண்ணம். அவற்றுள் மூன்றில் நிலவு நடையின் ஒளிபரப்புப் பதிவு இருந்தது. அந்த மூன்றும் 2019ஆம் ஆண்டு சோத்பீஸ் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. நிறுவனம் அழித்துக்கொண்டிருந்த காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பெட்டி கிடந்தது. அதற்குமேல் இதில் மாயம் எதுவுமில்லை.

இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்பவர்கள் அங்கே இருப்பது எது என்று ஒருமுறை உற்றுப் பார்க்கவேண்டும். அப்பல்லோ கலங்களின் 16 மி.மீ. கேமரா விநாடிக்கு 1, 6, 12, 24 என்ற வேகங்களில் ஓடக்கூடியது. மெதுவாக எடுத்த காட்சிகளுக்கு இன்று கணினியைக் கொண்டு இடைச் சட்டகங்களை இட்டு நிரப்பி, தூசு தட்டி, வண்ணம் ஏற்றி, 'முன் எப்போதும் காணாத தெளிவு' என்று தலைப்பிடுகிறார்கள். காணாததுதான், ஐயமில்லை, கேமராவே காணாதது அது! ஏட்டில் சிதைந்த இடத்தில் தாமே ஒரு வரி எழுதிச் சேர்த்தவரை இடைச்செருகல்காரர் என்று ஏசுகிறோம். இங்கே அதே வேலைக்குக் கைதட்டுகிறோம்.

ஆல் ரெய்னெர்ட் 1989ஆம் ஆண்டு தந்த 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' எங்களுக்கு மிகப் பிடித்த படம். ஆனால் அவர் பல பயணங்களை ஒரே பயணமாகத் தைத்தவர். 1965ஆம் ஆண்டு ஜெமினி 4 கலத்திலிருந்து வெளிவந்து மிதந்த எட் வைட், நிலவுக்குப் போகும் வழியில் அங்கே தோன்றுகிறார். காவியமாக ஏற்கலாம், சான்றாகக் கொள்வதற்கில்லை. மார்க் கிரே தம் ஸ்பேஸ்கிராஃப்ட் ஃபிலிம்ஸ் மூலம் 2000களில் வெளியிட்ட டிவிடித் தொகுப்புகளின் நோக்கம் வேறு. இயன்றவரை வெட்டாமல், பின்னணி வருணனையால் மூடாமல், பயணவாரியாகச் சுருள்களைக் கொடுப்பது. பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சலிப்பில்தான் அவர்கள் அங்கே எப்படி வேலை செய்தார்கள் என்பது இருக்கிறது. அப்பல்லோ 12 பயணத்தில் ஆலன் பீன் கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பிவிட, அன்றைய நேரடி ஒளிபரப்பே அத்துடன் போயிற்று. தொகுத்த படங்கள் இதை இரு வாக்கியங்களில் தாண்டிவிடுகின்றன.

இனி எங்கள் பக்கத்தாரிடமும் சில வார்த்தைகள். உறை பிரிக்காத பெட்டிகளை வரிசையாக நிறுத்தி அழகு பார்ப்பவர்கள் பாதுகாவலர்கள் அல்லர். ஆலையில் அச்சிட்ட வட்டிலும் உள்ளே உள்ள அலுமினியப் படலம் மங்கலாம். வீட்டில் எழுதிய வட்டின் நிலை இன்னும் மோசம். அதில் தரவைத் தாங்குவது ஒரு சாயப் படலம், வெப்பமும் ஒளியும் அதற்குப் பகை. ஒற்றை அடுக்கு டிவிடி கொள்வது 4.7 கிகாபைட், இரட்டை அடுக்கு 8.5. இன்றைய வன்தட்டு ஒன்றில் நூற்றுக்கணக்கான வட்டுகள் அடங்கும். படியெடுத்து, படி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்து, இரண்டு ஊர்களில் வைப்பதற்கு என்ன தடை? நாசா எடுத்த காட்சிகளுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது. சேர்த்த இசைக்கும் வருணனைக்கும் உண்டு, அதை மதிப்போம். மற்றதைப் பூட்டிவைக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரவல் கேட்டால் 'உறை கசங்கிவிடும்' என்று மறுக்கும் அன்பர்களே, இந்த வாரம் ஒரே ஒரு வட்டை எடுத்து முழுதும் ஓட்டிப் பாருங்கள். எது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று குறித்து எங்களுக்கு எழுதுங்கள். எங்களிடம் இருப்பதையும் இல்லாததையும் பட்டியலாகப் பதிலில் தருகிறோம்.