தரங்கம்பாடியில் கண்டதும் காணாததும்

மயிலாடுதுறை மாவட்டத்தில் கடலோரமாயுள்ள தரங்கம்பாடிக்கு ஒரு காரியமாகச் சென்றிருந்த நாம், அங்குள்ள டேனியர் கோட்டைக்குள் சர்க்கார் தொல்லியல் துறையார் வைத்திருக்கும் காட்சிசாலையையும் பார்த்துவிடுவோமென்று உள்ளே நுழைந்தோம். உடன் வந்த தோழர் ஒருவர், "பழைய ஓட்டாஞ்சல்லியைக் காசு கொடுத்துப் பார்ப்பானேன்?" என்றார். ஓட்டாஞ்சல்லி என்பது வாஸ்தவந்தான். ஆனால் காசு கொடுத்து உள்ளே போய், "இது என்ன? எந்தக் காலத்தது? அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டாலும் யாரும் அடிக்க வராத இடம் நம் நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? கோயிலில் காசும் கொடுத்து, வாயையும் பொத்திக்கொண்டுதானே நிற்கவேண்டியிருக்கிறது!

கோயிலைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். கோட்டைக்குப் பக்கத்தில் கரைமேலேயே மாசிலாமணிநாதர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், சுமார் 1306-ல் கட்டியது. அதன் முன்பக்கத்தையெல்லாம் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற மனிதர்கள்தான் கடலில் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள்.

இது நிற்க. டென்மார்க் அரசனின் கப்பல்கள் இங்கு வந்தது 1620-ல். தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார், கோட்டை எழும்பியது. நாயக்கர் அந்த அரசனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதுவித்து அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாயிருக்கிறது. 1845-ல் டேனியர் இவ்வூரையும் வங்காளத்திலிருந்த சீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். ஊராரைக் கேட்டா விற்றார்கள்? வீட்டை விற்றால் உள்ளே இருக்கும் பல்லியைக் கேட்பதுண்டா?

காட்சிசாலையில் பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், கண்ணாடிச் சாமான்கள், வாள், குத்துவாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு திமிங்கிலத்தின் எலும்புகூட இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சிலர் வாளைச் சுற்றி நின்றுகொண்டு, எத்தனை தலை வெட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுபெண் மாத்திரம் தேயிலை ஜாடியைக் காட்டி, "இவ்வளவு பெரிய ஜாடியைக் கப்பலிலிருந்து யார் தூக்கிவந்தது?" என்று கேட்டது. கூட வந்தவர், "டேனிஷ்காரர்கள்" என்றார். நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெள்ளைக்காரத் துரை ஜாடி சுமப்பதற்கா அவ்வளவு தூரம் கப்பலேறி வந்தான்?

தூக்கியவனுடைய சாமான் அங்கே இல்லை. இது காட்சிசாலையாரின் குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. பீங்கான் மண்ணில் புதைந்தாலும் முன்னூறு வருஷம் கிடக்கும். கோவணம் மூன்று வருஷம் தாங்காது. அரசன் கடிதத்துக்குத் தங்கத் தகடு கிடைத்தது. அந்தக் கோட்டைக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவனுக்கோ எழுத்தே தெரியாது. ஆகவே உலகத்திலுள்ள எந்தக் காட்சிசாலைக்குள் போனாலும், இருக்கிற சாமானைப் பார்ப்பதோடு, இல்லாத ஆளையும் நினைத்துப் பார்க்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இந்த ஊரிலேயே அதற்கு ஆதாரம் உண்டு. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கு வந்திறங்கித் தமிழ் கற்றார். மறு வருஷம் மே மாதம் அவர்கள் முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. அந்த ஐவர் யார்? இவ்வூர் டேனியர்களின் வீடுகளிலிருந்த அடிமைகள். ஆம், அடிமைகளேதான். பஞ்ச காலத்தில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஏழைகள் இந்தக் கரையில் ஏராளம். அப்படிப்பட்டவர்களை இங்கிருந்து கப்பலேற்றி விற்றதும் உண்டு. அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தை 1792-ல் சட்டம் போட்டு 1803 முதல் தடுத்த தேசம் என்று டென்மார்க்குக்கு நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் இருக்கட்டும்; அதற்கு முந்திய கணக்கும் கூடவே இருக்கவேண்டாமா?

வெள்ளைக்காரனை மாத்திரம் சொல்லிவிட்டு நம்மவர்களை விட்டுவிடுவதும் யோக்கியமாகாது. 1718-ல் கட்டிய புதிய ஜெருசலேம் கோயிலுக்குள்ளும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்களுக்கு ஓரிடம், பறையர் கிறிஸ்தவர்களுக்கு வேறிடம் என்றுதான் இருந்தது. உபதேசியாராக உழைத்த ராஜநாயக்கன் என்பவர் பறையர் என்பதால், அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று பயந்து, 1733-ல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். சாமியை மாற்றிக்கொண்டவர்கள் உட்காருமிடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது உள்ளூர்க்காரர் ஒருவர், தமிழில் முதன்முதல் அச்சடித்தது எங்கள் ஊரில்தான் என்று பெருமையோடு சொன்னார். இங்கு அச்சுயந்திரம் வந்ததும், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததும் பெரிய காரியங்களே. ஆனால் 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சாகிவிட்டது என்று சொன்னோம். மனிதர் கோபிக்கவில்லை, வருஷத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதே மாதிரி ஒரு தலபுராணத்தைத் திருத்தியிருந்தால் நம் கதி என்னவாகியிருக்கும்?

இங்கிருந்த பாதிரிமார் எழுதிய கடிதங்கள் 1710 முதல் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. இவ்வூர்ப் பள்ளிக்கூடமும் ஜாதிச் சண்டையும் பட்டினியும் அவற்றில் இருக்கின்றன. எழுதியவர்கள் பாதிரிகளானபடியால் அவர்கள் சொல்வதையும் சந்தேகித்தே படிக்கவேண்டும். இருந்தாலும், நாம் எழுதி வைக்காததை அவர்களாவது எழுதி வைத்தார்கள். அதில் அடிமைகளையும் கூலிகளையும் பற்றிய பாகங்களைத் தமிழில் பெயர்த்து, பெரிய எழுத்தில் பலகைகளாக்கி, அந்தப் பீங்கான் ஜாடிகளுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் என்ன? ஒரு ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவுகூட ஆகாது. சர்க்காருக்கு முடியாவிட்டால், அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கோட்டையைப் பழுது பார்க்க உதவிய டென்மார்க்குக்காரர்களையே கேட்கலாம். அடுத்த முறை போகும்போது அந்தச் சிறுபெண்ணுக்குச் சரியான பதில் சொல்ல ஒரு பலகையாவது அங்கே இருக்கவேண்டும்.