நித்தியகல்யாணியில் மருந்து உண்டு, கஷாயத்தில் இல்லை!

பாளையங்கோட்டைத் தெருக்களில் நித்தியகல்யாணி பூக்காத வாசல்கள் குறைவு. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. ஆடு, மாடு வாய் வைக்காது. 'சுடுகாட்டு மல்லி' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. இதில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் நாலு இலையைக் கிள்ளிக் கஷாயம் வைத்துவிடுகிறார்களே, அங்கேதான் ஆபத்து!

மருந்து பிறந்த கதையைக் கேளுங்கள். ஜமைக்கா தீவில் சர்க்கரை வியாதிக்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952-ல் அந்த இலை கனடாவிலிருந்த டாக்டர் ராபர்ட் நோபிளின் கைக்கு வந்தது. எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றியபோதோ ரத்த வெள்ளணுக்கள் மளமளவென்று சரிந்தன. கிருமி தொற்றி எலிகள் இறந்தன! வெள்ளணுவை அடக்கும் பொருள் ரத்தப் புற்றுநோயையும் அடக்கலாமே என்ற யோசனையில், அவரும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின். 1958-ல் உலகுக்குத் தெரிவித்தார்கள். பிறகு அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு, வேறு மருந்துகளோடு சேர்த்து இன்றும் அதைத் தருகிறார்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்படியானால் ஒரு டம்ளர் கஷாயத்தில் என்ன இருக்கும், எவ்வளவு இருக்கும்? வீட்டில் யார் அளந்து சொல்வது? குறைந்தால் பயனில்லை, கூடினால் விஷம். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் ரத்தக்குழாயில் ஏற்றும்போதே கை கால் மரத்துப் போகிறது, மலச்சிக்கல் படுத்துகிறது.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கும் ஊர் இது. அங்கே படித்தவர்களும் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. அளவும் பக்குவமும் சித்தத்திலும் உண்டு. இரண்டும் இல்லாதது பக்கத்து வீட்டு வைத்தியம்தான்.

இதில் பெரிய நஷ்டம் நாட்கள். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு - இவற்றில் எது தெரிந்தாலும் 'ஒரு மண்டலம் கஷாயம் குடித்துப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒரு மண்டலத்தில் நோய் சும்மா இருக்காது. முதலில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே ஏதாவது மூலிகை சாப்பிட்டிருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறைப்பதுதான் உயிருக்கு ஆபத்து.