ஆகாயத்தில் ஓசி பெக்!

"டிக்கெட்டுக்கு இவ்வளவு பணம் கொட்டியிருக்கோம்... சும்மா கொடுக்கிறதை வேண்டாம்னு சொல்றதா?"

வெளிநாட்டு விமானத்தில் தள்ளுவண்டி பக்கத்தில் வந்து நின்றதும் நம்மவர்கள் பலர் போடும் கணக்கு இது. நம் உள்நாட்டு விமானங்களில் மது கிடையாது. அதனாலேயே முதல் முறை கடல் தாண்டுகிறவருக்கு அந்தக் குட்டி பாட்டில்கள் மேல் ஒரு தனி மயக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை, கல்யாண வீட்டு மொட்டை மாடியில் ஒளிந்து குடிப்பவர்கூட அங்கே தைரியமாகக் கையை நீட்டுகிறார்.

குடி நல்லதா, கெட்டதா என்பது வேறு பஞ்சாயத்து. ஆனால் வீட்டில் ஒத்துக்கொள்கிற அதே இரண்டு பெக், பயணத்தில் வேறு விதமாக வேலை செய்கிறது. இதை டிக்கெட் விற்கிறவர்களும் சொல்வதில்லை, ஊற்றித் தருகிறவர்களும் சொல்வதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

விமானம் 35 ஆயிரம் அடியில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம், 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் கொஞ்சம் குறையும். ஆரோக்கியமானவருக்கு அது தெரியாது. ஆனால் குடித்துவிட்டுத் தூங்கினால்?

ஜெர்மனி விஞ்ஞானிகள் இதைச் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். 18 முதல் 40 வயதுக்குள் உள்ள ஆரோக்கியமானவர்கள். இரண்டு கேன் பீர் அளவு மது. விமானத்துக்குள் இருப்பது போன்ற அழுத்தமுள்ள அறையில் நான்கு மணி நேரத் தூக்கம். குடிக்காமல் அங்கே தூங்கியவர்களுக்கே ஆக்ஸிஜன் அளவு சுமார் 88 சதவிகிதத்துக்கு இறங்கியது. குடித்தவர்களுக்கு 85! இதயத் துடிப்போ 73-லிருந்து 88-க்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் 85 என்று காட்டினால் நர்ஸ் ஓடிவந்து மாஸ்க் மாட்டுவார். விமானத்தில்? போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்கள்.

வாலிபர்களுக்கே இந்தக் கதி என்றால், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் 62 வயது அப்பாவை நினைத்துப் பாருங்கள். பி.பி., சர்க்கரை, நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். "ஒரு ரவுண்டு போட்டுட்டா நல்லா தூங்கிடலாம்" என்பார். சர்க்கரைக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் மது சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்த்து, நாக்குக் குழறினால் பக்கத்து சீட்காரர் 'போதை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தூக்க மாத்திரையும் போட்டிருந்தால் மூச்சே மந்தமாகும். மணிக்கணக்கில் காலை அசைக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து வேறு.

"போகட்டும், பாவம், ஒரு நாள்தானே" என்று அம்மாக்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். வேண்டாம் அம்மா! கிளாஸை வாங்கித் தள்ளி வையுங்கள். சண்டை வந்தால் வரட்டும்.

இறங்கிய பிறகு இருப்பது இன்னும் பெரிய கண்டம். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியங் என்ற சுற்றுலா ஊரில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அதில் இருவர் 19 வயது ஆஸ்திரேலியப் பெண்கள். காரணம், மதுவில் கலந்திருந்த மெத்தனால். அதே ஆண்டு ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே விஷம்தான். கள்ளச்சாராயம் என்றால் ஊரில் பத்தடி தள்ளி நிற்கிற நம் பையன்கள், தாய்லாந்து, பாலித் தீவு என்று போனால் வாளியில் கலந்து தரும் காக்டெயிலை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறார்கள். வண்ணமும் குடை பொம்மையும் இருந்தால் அது சாராயம் இல்லையா என்ன?

மெத்தனாலுக்குத் தனி வாசனை, ருசி எதுவும் காட்டிக் கொடுக்காது. முதலில் சாதாரண போதைதான். ஈரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாற நேரமாகும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு. கண்ணில் பனிமூட்டம் போட்டது போலத் தெரியும். 'ஹேங்-ஓவர்' என்று மறுபடி படுத்துவிட்டால் பார்வை போகலாம், உயிரே போகலாம். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு.

மது தடை செய்யப்பட்ட நாடுகளில் இந்தத் தாமதம்தான் ஆளைக் கொல்கிறது. 2025 ஆகஸ்டில் குவைத்தில் விஷச் சாராயத்துக்கு 23 பேர் பலியானார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியர்களும் உண்டு. 'போலீஸ் பிடிக்கும், ஊருக்கு அனுப்பிடுவான்' என்ற பயத்தில் அறைக்குள்ளேயே மோர் கொடுத்து நண்பனைப் படுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்ன குடித்தான், எத்தனை மணிக்குக் குடித்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்கள், தங்களுக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும், அதே வண்டியில் ஏறிவிட வேண்டும்.