எதிர்ப்பக்கத் திரை

நான் வேலை பார்த்த காலத்தில் டைப் அடித்த கடிதம் நேரே அதிகாரியின் கையெழுத்துக்குப் போகாது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் சுத்தப் பிரதியைப் பார்த்துக்கொண்டே வருவார். 'ஒப்பு நோக்குதல்' என்று பெயர். அடித்தவரே சரிபார்த்தால் பிழை தப்பிவிடும் என்பது பழைய குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

ஆதார் மையத்தில் நமக்கு எதிரே வைக்கும் இரண்டாவது மானிட்டரும் அதற்குத்தான். ஆபரேட்டர் அடிப்பதை வந்தவர் தம் கண்ணால் பார்த்துச் சரி சொல்லவேண்டும் என்பது விதி. பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம் என்று வைத்திருக்கிறார்களே, அப்படியானால் இது மிக அவசியமான விதி.

சமீபத்தில் என் மனைவியின் விவரங்களைத் திருத்த நம் ஊரில் ஒரு மையத்துக்குப் போனோம். தம்பியின் லேப்டாப்பில் எழுத்து பளிச்சென்று இருந்தது. எங்கள் பக்கத் திரையில் ஒரே மங்கல்.

"பேரு சரியா இருக்காம்மா?"

"புரை ஆபரேஷன் பண்ண கண்ணுப்பா, சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

எழுந்து தம்பி பக்கம் போய்ப் பார்த்தேன். வள்ளியம்மை, வல்லியம்மை ஆகியிருந்தாள். ஆங்கிலத்தில் அடித்ததை மென்பொருள் தமிழாக்கினால் இப்படியும் வரும்.

"ரெண்டு ஸ்கிரீனும் ஒரே மாதிரி வராது சார்" என்றார் தம்பி. என் சண்டை இந்தப் பதிலோடுதான்.

செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். லேப்டாப் 1366×768. எங்கள் மானிட்டர் அதைவிட உசத்தி, 1920×1080. இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டும் 'டூப்ளிகேட்' முறையில் லேப்டாப்பின் அளவே இரண்டுக்கும் போட்டிருந்தது. அதன் ஒரு புள்ளி எங்கள் திரையில் சுமார் 1.4 புள்ளிக்கு விரியவேண்டும். புள்ளியைத் துண்டாக வெட்ட முடியாது, ஆகவே எழுத்தின் ஓரம் கரைகிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எழுத்தின் தலையில் இருக்கும் சின்னக் கோட்டை விட்டால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். தமிழில் ஒரு புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். ல, ள வித்தியாசம் சின்னதுதான். அது கரைந்தால் பெயரே வேறு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 'எக்ஸ்டெண்ட்' முறைக்கு மாற்றினால் ஒவ்வொரு திரையும் தன் சொந்த அளவில் தெளிவாக ஓடும், சரிபார்க்கும் பக்கத்தை எங்கள் திரைக்கு நகர்த்திவிடலாம். வாங்கும்போதே இரண்டும் ஒரே அளவாக வாங்கினால் அந்த வேலையும் மிச்சம்.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பார்கள். திரையை ஒருமுறை சரிசெய்யும் நேரம் பெரிதா, தப்பான பெயரோடு பென்ஷனுக்கும் பேங்குக்கும் நடக்கும் நேரம் பெரிதா? இரண்டு திரையில் ஒன்று மங்கித்தான் ஆகவேண்டுமென்றால், அது எப்போதும் எங்கள் பக்கத் திரையாகவே இருப்பானேன்?

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உடனே உங்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். தெரியும்வரை "சரி" மட்டும் சொல்லாதீர்கள்.