இருமடங்கு ஆபத்து என்றால்...?

"அக்கா, இந்த மாத்திரை சாப்பிட்டா ஆபத்து ரெண்டு மடங்காம். இன்னிக்கே நிறுத்திடட்டுமா?" என்று இளம் தாய்மார்கள் என்னைக் கேட்பதுண்டு. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பேர்ல எத்தனை பேருக்கும்மா?"

காரணம் இருக்கிறது. 1995 அக்டோபரில், புது ரகக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து பழைய ரகத்தைவிட இருமடங்கு என்று பிரிட்டனில் எச்சரிக்கை விடுத்தார்கள். செய்தி பொய்யல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் சுமார் ஒருவருக்கு, புதியதில் இருவருக்கு. கூடியது ஒரே ஒருவர்!

அந்த ‘ஒருவர்’ பலர் காதில் விழவில்லை, ‘இருமடங்கு’தான் விழுந்தது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். வேண்டாத கர்ப்பங்கள் வந்தன. மறு வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். இதில் வேதனை என்ன தெரியுமா? கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்!

விளம்பரங்களிலும் இதே வித்தைதான். இரண்டு ஒன்றானாலும் ‘பாதியாகக் குறைந்தது’ என்று மார்தட்டலாமே!

ஆகவே சகோதரிகளே, மடங்கைக் கேட்டு மிரளாதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். டாக்டரைக் கலக்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ஆனால், மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.