மருந்துக்கு முன் ஒரு கேள்வி

1895ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் நோயியல் ஆசிரியராயிருந்த அல்ட்ரெட் வார்த்தின் என்பவர், தமக்குத் தையல் வேலை செய்துவந்த பெண்மணி மிகவும் மனஞ் சோர்ந்திருப்பதைக் கண்டார். காரணம் யாதென வினவினார். தம் குடும்பத்தார் பலர் இரைப்பையிலோ, குடலிலோ, கருப்பையிலோ புற்றுநோய் கண்டு இறந்தனர் என்றும், தமக்கும் அகாலத்திலே அவ்வாறான முடிவே நேரும் என்றும் அப்பெண்மணி கூறினார். அவர் அஞ்சியபடியே பின்னர் கருப்பைப் புற்றுநோய்க்கு இரையானார்.

வார்த்தின் அந்த அச்சத்தைப் பேதைமையென்று தள்ளிவிடவில்லை. அக்குடும்பத்தினரின் நோய் வரலாற்றை ஒவ்வொருவராக விசாரித்துத் தொகுத்து, 1913ஆம் ஆண்டிலே வெளியிட்டார். புற்றுநோய் பரம்பரையிலும் தொடரக்கூடும் என்பதைப் பலர் நம்ப மறுத்த காலம் அது. பின்னர் ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர் 1960களில் இத்தகைய குடும்பங்களை ஆராயத் தொடங்கினார். இப்பரம்பரைக் குறைபாடு இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அத்தையற்காரியின் குடும்பத்தைப் பீடித்த குறை எம்.எஸ்.எச். 2 என்னும் பரம்பரையலகில் உள்ளது என்பது 2000ஆம் ஆண்டிலே தெளிவாயிற்று.

இப்பழைய வரலாற்றை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அக்குடும்பத்தை வருத்திய அதே வகைக் குறை, இன்று இரைப்பைப் புற்றுநோயாளருள் ஒரு சிலருக்கு எந்த மருந்து பயன் தரும் என்பதை முன்கூட்டியே காட்டும் அடையாளமாக விளங்குகிறது. அஃது எவ்வாறு என்பதைச் சிறிது பார்ப்போம்.

நம் உடம்பிலுள்ள கலம் ஒவ்வொன்றும் பிரியும்போது, அதனுள்ளே டி.என்.ஏ. என்னும் எழுத்துச் சுவடி முழுவதும் மறுபடி எழுதப்படுகிறது. அச்சுக்கூடத்திலே எழுத்துக் கோப்பவர் எவ்வளவு வல்லவராயினும் பிழை நேர்வது இயல்பு. அதனைக் கண்டு திருத்துவதற்கென ஒருவர் இருப்பார். அதுபோலவே கலத்தினுள்ளும் பிழை திருத்தும் புரதங்கள் உள்ளன. எம்.எல்.எச். 1, பி.எம்.எஸ். 2, எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6 என்னும் நான்கும் அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் ஒன்று செயலற்றுப் போனாலும் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன. ஒரே எழுத்து பல முறை அடுத்தடுத்து வரும் இடங்களில் இப்பிழை மிகுதி. அவ்விடங்களின் நீளம் மாறிவிடுவதையே வைத்தியர்கள் 'மைக்ரோசற்றலைற் நிலையின்மை' என்றும், சுருக்கமாக எம்.எஸ்.ஐ. என்றும் குறிப்பிடுவர்.

பிழைகள் மலிந்த கலம் புற்றாக மாறுவது எளிது. ஆயினும் அப்பிழைகளே அதனைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றன. பிழையான எழுத்திலிருந்து பிழையான புரதம் பிறக்கிறது. உடம்பைக் காக்கும் வெண்குருதிக் கலங்கள் அதனை அந்நியப் பொருளென்று கண்டுகொள்கின்றன. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, திருத்தும் சக்தியை இழந்த புற்றுக்கட்டிகளில் சராசரி 1782 விகாரங்களும், ஏனைய கட்டிகளில் சராசரி 73 விகாரங்களுமே காணப்பட்டன.

கண்டுகொண்டும் வெண்குருதிக் கலங்கள் ஏன் வாளாவிருக்கின்றன? அவற்றுக்கு இயற்கையே கடிவாளம் பூட்டியிருக்கிறது. இல்லையேல் அவை நம் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். சில புற்றுக் கலங்கள் அக்கடிவாளத்தைப் பற்றி இழுத்துக் காவலரை நிறுத்திவிடுகின்றன. பி.டி. 1 எனப்படும் அத்தகைய கடிவாளம் ஒன்றை 1992ஆம் ஆண்டிலே யப்பானின் கியோட்டோ சர்வகலாசாலையில் தசுக்கு ஹொன்ஜோ குழுவினர் கண்டறிந்தனர். மற்றொரு கடிவாளத்தை விலக்கிப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்பதை அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் காட்டினார். இருவரும் 2018ஆம் ஆண்டிலே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நிவோலுமாப், பெம்பிரோலிசுமாப் என்னும் மருந்துகள் புற்றின் பிடியிலிருந்து பி.டி. 1 கடிவாளத்தை விடுவிப்பவை.

இம்மருந்துகளை இரைப்பைப் புற்றுநோயாளர் யாவருக்கும் கொடுத்தால் என்ன? யப்பான், கொரியா, தாய்வான் ஆகிய நாடுகளில், வேறு மருந்துகள் பயன்படாது போன 493 நோயாளரிடையே நிவோலுமாப் ஆராயப்பட்டது. 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அம்மருந்தைப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கிற்று. அவர்களின் ஆயுட்காலத்தின் இடைநிலை அளவு 5.26 மாதம், வெறும் போலிமருந்து பெற்றவர்களுக்கு 4.14 மாதம். பயன் உண்டு, ஆனால் பெரும்பாலோருக்கு அது சிறிது.

இனி, அடையாளம் பார்த்து நோக்கினால் நிலைமை வேறு. கொரியாவின் தலைநகர் சியோலில் 61 நோயாளருக்குப் பெம்பிரோலிசுமாப் கொடுத்து ஆராய்ந்தனர். 2018ஆம் ஆண்டிலே முடிவு வெளிவந்தது. எம்.எஸ்.ஐ. அடையாளம் மிகுதியாயிருந்த 7 பேரில் 6 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. எப்ஸ்ரைன்-பார் என்னும் வைரசு புற்றுக் கலங்களில் தங்கியிருந்த 6 பேரும் பயன் பெற்றனர். தொகை சிறிது என்பதை மறத்தலாகாது. பிரான்சு நாட்டிலே இவ்வடையாளமுடைய, இன்னும் உடம்பெங்கும் பரவாத நோய் கொண்ட 32 பேருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே இவ்வகை மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தனர். சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற 29 பேரில் 17 பேரின் வெட்டியெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றுக் கலம் ஒன்றேனும் காணப்படவில்லை!

நற்செய்தி கேட்ட மகிழ்ச்சியில் அளவை மறந்துவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டில் 295 இரைப்பைப் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தபோது நூற்றுக்கு 22 கட்டிகளில் எம்.எஸ்.ஐ. அடையாளமும், 9 கட்டிகளில் மேற்சொன்ன வைரசும் இருந்தன. நோய் பரவிவிட்ட நிலையில் எம்.எஸ்.ஐ. உடையோர் இன்னும் குறைவு. ஆகவே பெரும்பாலோரிடம் அடையாளம் இராது. அடையாளம் இருந்தும் பயன் பெறாதோர் உளர். இல்லாதிருந்தும் பயன் பெறுவோர் உளர். பி.டி.எல். 1 என்னும் புரதத்தின் அளவையும் வைத்தியர்கள் கணக்கிற்கொண்டு, இம்மருந்தை ஏனைய மருந்துகளுடன் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. கடிவாளம் தளர்ந்த குதிரை தன் வயலையே மிதிப்பதுபோல, நுரையீரல், குடல், ஈரல், தைரொயிட் சுரப்பி முதலியவற்றில் அழற்சி உண்டாவதும் உண்டு.

நோயென்று கேட்டதும் காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் விலையுயர்ந்த மருந்தைத் தேடி ஓடுவது நம் குடும்பங்களின் இயல்பு. அன்பினால் விளையும் அச்செயலை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் ஓடுமுன் வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டல் வேண்டும்: "கட்டியில் இந்த அடையாளங்களைப் பார்த்தீர்களா?" நோயை உறுதிசெய்வதற்காக இரைப்பையிலிருந்து எடுத்த தசைத்துண்டே பெரும்பாலும் இதற்குப் போதும். நான்கு புரதங்களும் உள்ளனவா என்று சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறிது.

விடை 'ஆம், அடையாளம் உண்டு' என்று வந்தால் இரண்டாவது கேள்வி எழும்: இது பரம்பரையாக வந்ததா? இரைப்பைப் புற்றில் பெரும்பாலும் அவ்வாறன்று. வயது முதிர முதிர எம்.எல்.எச். 1 பரம்பரையலகு அக்கட்டியில் மாத்திரம் வாயடைத்துப் போவதே வழக்கமான காரணம். ஆதலின் பிள்ளைகள் வீணே நடுங்க வேண்டியதில்லை. பரம்பரைக் குறையென்று தெரிந்தாலோ, பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கக்கூடிய வாய்ப்பு இரண்டில் ஒன்று. அறிந்தவர்கள் உரிய காலத்தில் குடலையும் ஏனைய உறுப்புகளையும் பரிசோதித்து, நோயைத் தொடக்கத்திலேயே தடுக்க வழியுண்டு.

நம்மவருள் நோயின் பெயரைச் சொல்லவே கூசுவோர் பலர். கலியாணப் பேச்சுக்கு இடையூறாகுமென்று தாயின் நோயை மகளுக்கே மறைப்போரும் உளர். மாமன் எதனால் இறந்தார் என்று கேட்டால் 'வயிற்று வருத்தம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அத்தையற்காரியும் அவ்வாறே மௌனம் சாதித்திருந்தால், வார்த்தின் ஆராய்வதற்கு ஒன்றும் இருந்திராது. இன்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எவர் எந்த வயதில் எந்த நோய் கண்டனர் என்பதை ஒரு தாளிலே எழுதிவைப்போம். நோயாளியின் பிள்ளைகள் வைத்தியரைக் காணச் செல்லும்போது அத்தாளையும் கொண்டுசெல்லட்டும்.